தெருவில் திரிந்த சிறுவர்களும் ஒரு தாயின் கேள்வியும்



ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். மகனின் கையைப் பிடித்தவாறு ஒரு தாய் என் மேசைக்கு முன் வந்து அமர்வார். "டீச்சர், நான் சொன்னா இவன் கேக்கறதே இல்ல. நீங்கதான் கொஞ்சம் கண்டிச்சு வைக்கணும்" என்பார். அவர் சென்றபின் ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொள்வது என்ன? "வீட்டில் ஒழுங்காக வளர்த்தால் நமக்கு ஏன் இந்தத் தொல்லை?" என்பதுதான். வீடு பள்ளியைப் பார்க்கிறது. பள்ளி வீட்டைப் பார்க்கிறது. இடையில் நிற்கும் பிள்ளையோ இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

இந்தப் பழைய வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன், அமெரிக்காவின் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில், ஒரு தாய் இதே வழக்கைத் தம் வாசலில் நின்று சிந்தித்தார். அவர் மோர்மன் சமயத்தைச் சேர்ந்தவர். பெயர் அவுரேலியா ஸ்பென்சர் ரோஜர்ஸ். அவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து, இன்று உலகின் பல நாடுகளில் நடைபெறும் சிறார் வகுப்பு ஒன்று பிறந்தது. நான் அச்சமயத்தைச் சார்ந்தவள் அல்லள். அதன் கொள்கைகளைப் பரப்புவதும் என் நோக்கமன்று. ஆனால், பிள்ளை வளர்ப்பில் வீட்டின் பங்கு எது, வகுப்பறையின் பங்கு எது என்று சிந்திக்கும் எவருக்கும் அந்தத் தாயின் வரலாறு பயன்படும் என்று நம்புகிறேன்.

யார் இந்த மோர்மன்கள்?

முதலில் ஒரு சிறு அறிமுகம். 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் ஒரு புதிய கிறிஸ்துவச் சபையைத் தோற்றுவித்தார். பைபிளுடன் 'மோர்மன் நூல்' என்ற ஒன்றையும் மறைநூலாக ஏற்றதால், பிறர் அவர்களை 'மோர்மன்கள்' என்று அழைக்கலாயினர். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப்பெயராலேயே தங்களைக் குறிப்பிட வேண்டும் என அச்சபையின் தலைமை 2018-இல் மீண்டும் வலியுறுத்தியது. வரலாற்றில் நிலைத்த பெயர் என்பதால் இக்கட்டுரையில் பழைய பெயரையே பயன்படுத்துகிறேன்.

புதிய சமயத்தாரை அண்டை அயலார் ஏற்கவில்லை. ஒஹாயோ, மிசூரி, இலினோய் என்று மாநிலம் மாநிலமாக அவர்கள் விரட்டப்பட்டனர். மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாவூ என்ற நகரை எழுப்பினர். 1842 மார்ச்சு 17-ஆம் நாள் அங்கேதான் பெண்களுக்கான 'துயர்துடைப்புச் சங்கம்' தொடங்கப்பட்டது. 1844 ஜூனில் ஜோசப் ஸ்மித் சிறையில் இருந்தபோதே ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். 1846 பிப்ரவரியில், கடுங்குளிரில், அவர்கள் நாவூவையும் விட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். பிரிகம் யங் தலைமையில் முதல் குழுவினர் 1847 ஜூலையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தனர். அதுவே இன்றைய யூட்டா மாநிலம்.

நாவூவை விட்டுப் புறப்பட்டோருள் ஸ்பென்சர் குடும்பமும் ஒன்று.

தாயை இழந்த பிள்ளை

அவுரேலியா 1834 அக்டோபரில் கனெடிகட் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஆர்சன் ஸ்பென்சர் கல்லூரியில் பயின்ற, பாப்டிஸ்ட் சபையின் போதகர். மோர்மன் சமயத்தைத் தழுவியதால் அப்பதவியையும் உற்றார் உறவினரின் ஆதரவையும் இழந்தார். தாய் கேத்தரின் நல்ல வசதியில் வளர்ந்தவர்; உடல் நலிந்தவர்.

நாவூவை விட்டுக் கிளம்பிய சில வாரங்களிலேயே கேத்தரின் நோயுற்றார். மனைவியைச் சிறிது காலம் பிறந்த வீட்டில் வைத்துப் பேணுமாறு ஆர்சன் முன்பே மாமனார் மாமியாருக்கு எழுதியிருந்தார். அச்சமயத்தைத் துறந்தால் மட்டுமே மகள் வீட்டுக்கு வரலாம் என்று மறுமொழி வந்ததாக அக்குடும்ப வரலாறு கூறுகிறது. கேத்தரின் துறக்கவில்லை. 1846 மார்ச்சில், மழை ஒழுகும் வண்டியில், ஆறு பிள்ளைகளை விட்டு உயிர் நீத்தார். மூத்தவள் எல்லனுக்கு அகவை பதின்மூன்று. அடுத்தவள் அவுரேலியாவுக்குப் பதினொன்று.

துயரம் அத்துடன் முடியவில்லை. பயணத்தின் இடையே மிசூரி ஆற்றோரம் 'குளிர்காலத் தங்குமிடம்' என்ற பெயரில் ஒரு தற்காலிக ஊர் எழுந்தது. அங்கே மரக்கட்டைகளால் ஆன ஒரு குடிலில் பிள்ளைகளைக் குடியமர்த்திவிட்டு, சபைப் பணிக்காகத் தந்தை இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இன்று நமக்கு இது கல் நெஞ்சமாகத் தோன்றலாம். அன்றைய மோர்மன் குடும்பங்களில் இஃது எதிர்பாராத ஒன்றன்று. சபை அழைத்தால் ஆண்கள் மனைவி மக்களை விட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் கடல் கடந்து சென்றனர். எஞ்சிய சுமை முழுவதும் வீட்டில் இருந்தோரின் தோள்களில் விழுந்தது. ஸ்பென்சர் வீட்டிலோ அத்தோள்கள் பதினான்கு அகவைச் சிறுமிக்கும் பன்னிரண்டு அகவைச் சிறுமிக்கும் உரியவை.

அக்குளிரில் அவர்களின் கறவை மாடுகளில் பெரும்பாலானவை மடிந்தன. சோளமாவே பெரும்பாலும் உணவாயிற்று. இரு சிறுமியரும் இளைய நால்வருக்குச் சமைத்தனர், துணி துவைத்தனர், தைத்தனர், இரவில் இறைவேண்டல் செய்வித்தனர். அக்கம் பக்கத்தார் அவ்வப்போது வந்து கவனித்துக்கொண்டனர். 1848-இல் அந்த அறுவரும் பெரிய வண்டித் தொடருடன் இணைந்து, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சமவெளியையும் மலையையும் கடந்து சால்ட் லேக் வந்து சேர்ந்தனர். தந்தை திரும்பி வந்தது 1849-இல்தான்.

அன்பர்களே, இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்காகச் சிந்தித்த அவுரேலியா, தாயின் மடியில் வளர்ந்தவர் அல்லர். அக்காவின் கையிலும் அயலாரின் கண்காணிப்பிலும் வளர்ந்தவர். ஒரு குழந்தையை வளர்க்க வீடு மட்டும் போதாத நாள்களும் உண்டு என்பது அவருக்கு ஏட்டறிவு அன்று; பட்டறிவு.

பதினாறு அகவையில் இல்லறம்

1851 மார்ச்சில் அவுரேலியா, தாமஸ் ரோஜர்ஸ் என்பவரை மணந்தார். மணமகளுக்கு அகவை பதினாறு. இருவரும் சால்ட் லேக் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பார்மிங்டன் என்ற சிற்றூரில் குடியேறினர். ஒருபுறம் செங்குத்தான மலைத்தொடர். மறுபுறம் உப்பு ஏரி. மலையிலிருந்து இறங்கும் ஓடைநீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினால்தான் அங்குப் பயிர் விளையும்.

அக்காலத்து மோர்மன் இளந்தாயின் ஒரு நாள் எப்படி இருந்திருக்கும்? கடைக்குச் சென்று வாங்குவதற்குப் பொருள் அரிது. 1869-இல் கண்டத்தைக் கடக்கும் இருப்புப்பாதை அமைக்கப்படும் வரை, கிழக்கிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் பயணம் செய்து வரவேண்டும். எனவே வீடே தொழிற்கூடமாக இருந்தது. ஆட்டு மயிரைக் கழுவிச் சிக்கெடுத்து நூலாக நூற்றுத் துணி நெய்தல், கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்த்தல், சாம்பல் நீரையும் கொழுப்பையும் காய்ச்சிச் சவர்க்காரம் செய்தல், கோடையில் பழங்களை அரிந்து கூரைமேல் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமித்தல் என்று ஓயாத வேலை. பாலூட்டுவதும் தொட்டில் ஆட்டுவதும் இவற்றுக்கிடையே நடக்க வேண்டும்.

இவற்றோடு சமயக் கடமைகளும் உண்டு. காலையும் மாலையும் குடும்பமாக மண்டியிட்டு இறைவேண்டல். மாதம் ஒருமுறை நோன்பிருந்து, மிச்சமாகும் உணவை ஏழைகளுக்கு வழங்குதல். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குச் செலுத்துதல். துயர்துடைப்புச் சங்கப் பெண்களோடு நோயாளிகளைக் காணுதல். அம்மக்களுக்கு நம்பிக்கை என்பது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரிய ஆடையன்று. அடுப்படியிலும் அணிந்திருக்கும் ஆடை.

அவுரேலியா பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றார். அவர்களுள் ஐவர் பச்சிளம் பருவத்திலேயே மாண்டனர். ஐந்து முறை சிறு பெட்டி செய்து, ஐந்து முறை மண்ணில் இட்ட தாயின் மனம் எப்படி இருந்திருக்கும்? இழப்புகளின் கடுமையில் தம் இறைநம்பிக்கையே ஒரு காலம் ஆட்டங்கண்டு போனதை அவர் பின்னாளில் தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார். பின்னர் அந்நம்பிக்கை அவருக்கு மீண்டும் வாய்த்தது. ஒரு சமயத்தின் முன்னோடியாகப் போற்றப்படுபவர் தம் ஐயத்தையும் எழுதி வைத்தாரே, அந்த நேர்மையே என்னை அவர்பால் முதலில் ஈர்த்தது.

வாசலில் எழுந்த கேள்வி

ஆண்டுகள் உருண்டோடின. இருப்புப்பாதை வந்தது, புதிய மனிதர்களும் புதிய பழக்கங்களும் வந்தன. பாலைநிலத்தில் ஊர்களை எழுப்பிய முதல் தலைமுறைப் பெற்றோர் உழைப்பிலேயே மூழ்கியிருந்தனர். அவர்தம் பிள்ளைகளோ, குறிப்பாகச் சிறுவர்கள், இரவு நெடுநேரம் வரை தெருக்களில் கூச்சலிட்டுத் திரிந்தனர். பழத்தோட்டங்களில் புகுந்து திருடினர். பெரியோரை மதிக்கவில்லை. அவுரேலியா இதைக் கண்டு உறக்கம் இழந்தார்.

பார்மிங்டனின் ஆயர் ஜான் ஹெஸ் என்பவரும் இது குறித்துக் கவலை கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கண்டிக்குமாறு தாய்மார்களை அழைத்து வேண்டினார். எல்லாரும் தலையசைத்தனர். தெருவில் கூச்சல் குறையவில்லை. இக்காட்சி நமக்கும் நன்கு பழகியதுதானே!

1878 மார்ச்சில் பார்மிங்டனில் துயர்துடைப்புச் சங்க மாநாடு நடைபெற்றது. சால்ட் லேக்கிலிருந்து பெண் தலைவியர் வந்திருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் எலைசா ஸ்னோ. 1842-இல் நாவூவில் அச்சங்கம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளராக இருந்தவர், புலவர், தமக்கெனப் பிள்ளை இல்லாதவர். பெண்களுக்கென வெளிவந்த 'வுமன்ஸ் எக்ஸ்போனண்ட்' இதழின் ஆசிரியர் எம்லின் வெல்ஸும் உடன் இருந்தார். மாநாடு முடிந்து இரயிலுக்குக் காத்திருந்த வேளையில் அவர்கள் அவுரேலியாவின் வீட்டில் சற்று இளைப்பாறினர்.

அப்போதுதான் அவுரேலியா தம் நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார். சிறுவர்கள் இப்படியே வளர்ந்தால் நாளை நம் பெண்பிள்ளைகளுக்கு நல்ல கணவர்கள் எங்கிருந்து கிடைப்பர்? சிறுவர்களைக் கூட்டி, நல்ல மனிதர்களாகப் பயிற்றுவிக்க ஓர் அமைப்பு இருக்கக் கூடாதா?

அவர் கேட்ட முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்னார் மகன் கெட்டவன் என்று அவர் சொல்லவில்லை. இன்னார் வளர்ப்புச் சரியில்லை என்றும் சொல்லவில்லை. ஊரிலுள்ள சிறுவர் அனைவரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகக் கருதிப் பேசினார். குறைகூறலாக இருக்கக்கூடிய ஒன்று அவர் வாயில் பொறுப்பாக மாறியது.

எலைசா ஸ்னோ அக்கேள்வியைச் சபையின் அன்றைய தலைவர் ஜான் டெய்லரிடம் கொண்டு சென்றார். ஒப்புதல் கிடைத்தது. ஆயர் ஹெஸ்ஸுக்குக் கடிதம் வந்தது. ஆயர் நேரே அவுரேலியாவிடம் வந்து, நீங்களே இதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்றார். கேள்வி கேட்டவரிடமே பணி வந்து சேர்ந்தது.

இருநூற்று இருபத்து நான்கு பெயர்கள்

முதலில் சிறுவர்களுக்கு மட்டுமே என்று எண்ணிய திட்டம் இது. பின்னர் அவுரேலியா மற்றொன்றை எண்ணினார். வகுப்பில் பாடல் இருக்க வேண்டும். சிறுவர் குரல் மட்டும் போதாது. சிறுமியர் குரலும் சேர்ந்தால்தான் பாடல் இனிக்கும். இதை எழுதிக் கேட்டார்; சிறுமியரையும் சேர்க்குமாறு விடை வந்தது. பெண்பிள்ளைகள் ஒரு பாட்டின் வழியாக உள்ளே வந்தனர் எனலாம்.

1878 ஆகஸ்டு 11-ஆம் நாள் அவுரேலியா தலைவியாக அமர்த்தப்பட்டார். அதன்பின் அவரும் துணைவியரும் ஊரிலுள்ள வீடுதோறும் நடந்து சென்று, பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதினர். ஏட்டில் 224 பெயர்கள் சேர்ந்தன. ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை, பார்மிங்டனின் கற்கோயிலில் முதல் கூட்டம் நடைபெற்றது. 'தொடக்கம்' என்ற பொருள் தரும் 'பிரைமரி' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அக்கோயில் இன்றும் அங்கே நிற்கிறது.

அங்கே என்ன கற்பித்தார்கள்? இறைநம்பிக்கை, வேண்டுதல், கீழ்ப்படிதல், நேரந்தவறாமை, நன்னடத்தை ஆகியவற்றைக் கற்பித்தார்கள். இவற்றை வெறும் சொற்களாக நிறுத்திவிடவில்லை. பழத்தோட்டத்திலும் முலாம்பழத் தோட்டத்திலும் திருடக் கூடாது என்று சிறுவர்களுக்கும், ஓடும் வண்டியின் பின்னால் தொங்கக் கூடாது என்று சிறுமியர்க்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நன்னெறிப் பாடம் நடத்தும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'நேர்மை' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. எந்தத் தோட்டத்தில், எந்தப் பழத்தைப் பறிக்கக் கூடாது என்று சொல்லும்போதுதான் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறான்.

கைவேலையும் இருந்தது. பஞ்சகாலத்துக்கு உதவும் பொருட்டு, பிள்ளைகள் அவரையும் பொரிசோளமும் பயிரிட்டுச் சேமித்தனர். முன்பு இரவில் தோட்டத்துக்குள் நுழைந்த அதே கைகள் பகலில் விதை ஊன்றின.

பரவிய விதை

எலைசா ஸ்னோ ஊர் ஊராகச் சென்று பிரைமரி வகுப்புகளைத் தோற்றுவித்தார். 1880-இல் சபை முழுமைக்குமான தலைவியாக லூயி பெல்ட் என்பவர் அமர்த்தப்பட்டார். 1902-இல் பிள்ளைகளுக்கும் ஆசிரியைகளுக்கும் 'சில்ட்ரன்ஸ் பிரண்ட்' என்ற இதழ் தொடங்கப்பட்டது. 1922-இல் சால்ட் லேக்கில் சிறார் மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு நிதி சேர்க்க, பிள்ளைகள் தங்கள் பிறந்தநாளில் அகவைக்கு ஒரு செப்புக்காசு வீதம் அளித்தனர். எட்டு அகவைப் பிள்ளை எட்டுக் காசு கொடுத்து, முகமறியாத நோயாளிப் பிள்ளைக்கு உதவினான். 'பிரைமரி சிறார் மருத்துவமனை' இன்றும் அந்நகரில் இயங்குகிறது. அது திறக்கப்பட்ட அதே 1922-இல்தான் அவுரேலியா தம் 87-ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் வெறும் வீட்டுப் பெண்மணியாக மட்டும் வாழ்ந்து மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1895-இல் அட்லாண்டாவில் நடைபெற்ற பெண்கள் வாக்குரிமை மாநாட்டுக்குப் பேராளராகச் சென்றார். 1898-இல் தம் தந்தையின் வரலாற்றையும் தம் வாழ்க்கையையும் பிரைமரியின் தொடக்கத்தையும் நூலாக எழுதி வெளியிட்டார்.

மறைக்கக் கூடாத மறுபக்கம்

வரலாறு எழுதுபவர் இனிப்பை மட்டும் பரிமாறக் கூடாது. அக்கால மோர்மன்களிடையே ஓர் ஆண் பல மனைவியரை மணக்கும் வழக்கம் இருந்தது. அதனால் பல பெண்கள் பெருந்துயர் அடைந்தனர். அமெரிக்க அரசு அவ்வழக்கத்தை ஒடுக்கச் சட்டங்கள் இயற்றியது. 1880-களில் கணவர்கள் தலைமறைவாகவோ சிறையிலோ இருக்க, மனைவியர் தனியாகவே குடும்பம் நடத்தினர். 1870-இல் யூட்டாப் பெண்கள் பெற்ற வாக்குரிமையையும் 1887-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1896-இல் யூட்டா தனி மாநிலமானபோதுதான் அது மீண்டும் கிடைத்தது. பலதார மணத்தைக் கைவிடுவதாகச் சபை 1890-இல் அறிவித்தது.

அதே குடும்ப முறையில் வாழ்ந்த எல்லிஸ் ஷிப் என்ற இளந்தாயையும் இங்கு நினைவுகூரலாம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, பிள்ளைகள் விழிக்கும்வரை நூல்களைப் படித்தவர் அவர். 1875-இல் சிறு பிள்ளைகளைச் சக மனைவியரின் பொறுப்பில் விட்டுவிட்டு, பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். படிப்பின் இடையே ஒரு மகளையும் ஈன்றார். 1878-இல், அதாவது பார்மிங்டனில் பிரைமரி பிறந்த அதே ஆண்டில், மருத்துவராகத் திரும்பினார். பின்னர்ப் பல நூறு பெண்களுக்குத் தாதியர் பயிற்சியும் மகப்பேற்றுப் பயிற்சியும் அளித்தார். பிள்ளைகளைப் பிரிந்த வேதனை அவர் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. அவர் கற்க முடிந்ததும் மற்றத் தாய்மார் அவர்தம் பிள்ளைகளைப் பேணியதால்தான். ஒரு தாயின் கை எட்டாத இடத்தில் வேறொரு கை இருந்தது.

மீண்டும் வீட்டுக்கு

இனி, இவ்வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதிக்கு வருகிறேன்.

பிரைமரி வளர்ந்தது. வார நாள்களில் பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் அங்கே சென்றனர். பாடம், பாடல், விளையாட்டு, கைவேலை என்று எல்லாம் செம்மையாக நடந்தன. அப்படியானால் பெற்றோர் நிம்மதியாகக் கைகழுவிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பிள்ளைகளுக்காக எவ்வளவு வகுப்புகளை ஏற்படுத்தினாலும், வீட்டில் கற்பிக்கப்படாதது வெளியே நிலைப்பதில்லை என்பதை அச்சபையின் தலைமையே உணரத் தொடங்கியது.

1915-இல் ஜோசப் எஃப். ஸ்மித் தலைமையில் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. பெற்றோர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு, பாடியும் வேண்டியும் பேசியும் விளையாடியும் கழிக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 'குடும்ப இல்ல மாலை' எனப்படும் வழக்கம் அதுவே. காலப்போக்கில் அது பல வீடுகளில் மங்கிப்போனது. 1965-இல் வாரந்தோறும் பயன்படுத்தத்தக்க பாடநூலுடன் அதற்குப் புத்துயிர் ஊட்டப்பட்டது. 1970-இல் திங்கட்கிழமை மாலை அதற்கென ஒதுக்கப்பட்டது. அன்று மாலை சபையின் வேறு எந்த நிகழ்ச்சியும் நடத்தக் கூடாது என்பதே ஏற்பாடு. நிறுவனம் ஒன்று தன் கதவை அடைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்வது எத்துணை அரிய செயல்!

1980-இல் பிரைமரி வார நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டு, எல்லாக் கூட்டங்களும் மூன்று மணி நேரத்துள் அடக்கப்பட்டன. 2019 ஜனவரி முதல் அதுவும் இரண்டு மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. மிச்சமான நேரத்தில் குடும்பங்கள் வீட்டிலேயே மறைநூல் பயில வேண்டும். கற்பித்தலின் நடுவம் வீடு, சபை அதற்குத் துணை என்று அறிவித்தனர்.

ஆகவே இன்றைய மோர்மன் இளந்தாய் ஒருத்தியின் வாரம் ஏறக்குறைய இப்படி அமைகிறது. ஞாயிறன்று கைக்குழந்தையோடு வழிபாடு. மூத்த பிள்ளைகள் பிரைமரி வகுப்பில். அங்குக் கற்பிப்பவர் சம்பளம் பெறும் ஆசிரியர் அல்லர். அண்டை வீட்டாராகவே இருப்பார். அடுத்த ஆண்டு அப்பொறுப்பு இத்தாய்க்கே வரலாம். சின்னஞ்சிறு பிள்ளைகளும் அங்கே எழுந்து நின்று ஒரு சிற்றுரை ஆற்றப் பழகுகின்றனர். எட்டாம் அகவையில் பிள்ளை திருமுழுக்குப் பெறுவான் என்பதால், அதற்கு முன் நன்மை தீமை அறியும் தெளிவை ஊட்டிவிட வேண்டும் என்ற எண்ணம் தாய்க்கு எப்போதும் உண்டு. தேநீர், காப்பி, மது, புகையிலை ஆகியவை வீட்டில் இல்லை. திங்கள் மாலை ஒரு பாட்டு, ஒரு வேண்டுதல், ஒரு சிறு பாடம், ஒரு விளையாட்டு, கடைசியில் ஏதேனும் தின்பண்டம். இளையவன் அழுவான், நடுவுள்ளவன் அக்காவைக் கிள்ளுவான், பாடம் பாதியில் நிற்கும். ஆனாலும் அடுத்த திங்கட்கிழமை மீண்டும் அமர்வார்கள். அந்த வழக்கத்தின் வலிமை மீண்டும் மீண்டும் அமர்வதில்தான் இருக்கிறது.

நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை

அவர்களின் சமயம் வேறு; நம் மரபு வேறு. எனினும், இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1. குறைகூறுவதும் பொறுப்பேற்பதும் ஒரே கவலையிலிருந்து பிறப்பவை. "யாருடைய பிள்ளை?" என்று கேட்டால் குறைகூறல். "நம் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பொறுப்பு. அவுரேலியா இரண்டாவதைக் கேட்டார். கேட்டபின் வீடு வீடாக நடந்தார்.

2. வகுப்பறை வீட்டுக்குத் துணை நிற்கலாம். வீடாக மாற முடியாது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறார் வகுப்பைச் செவ்வனே நடத்திய ஒரு சமூகமே, படிப்படியாக நேரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

3. வீடும் தனித்து நின்றால் தளர்ந்துபோகும். தாயற்ற ஆறு பிள்ளைகள் ஒரு மரக்குடிலில் பிழைத்தது அயலார் கதவைத் தட்டியதால். தாயே இருந்தும் தளர்ந்துபோகும் வீடுகள் இன்று நம்மிடையே உண்டு. பணிமுறை மாறி மாறி வேலைக்குச் செல்லும் பெற்றோர், தனியாகப் பிள்ளைகளைக் காக்கும் தாய்மார், பாட்டியின் பொறுப்பில் வளரும் மாணவர் என என் வகுப்பிலேயே பலரைக் காண்கிறேன். அவர்களிடம் "வீட்டில் கவனியுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது, போதுமானதன்று.

சென்ற முறை தேர்ச்சி அறிக்கை நாளில் அதே தாய் வந்து அதே சொற்களைச் சொன்னார். வழக்கமாகச் சொல்லும் அறிவுரையை இம்முறை நான் சொல்லவில்லை. "அம்மா, வாரத்தில் எந்த மாலை உங்களுக்கு ஓய்வு?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்தார். "வியாழக்கிழமை வேல இல்ல டீச்சர்" என்றார். அன்று மாலை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, மகனோடு அரைமணி நேரம் அமர்ந்து, அவன் படிக்கும் கதையைக் கேட்குமாறு சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் அக்கதையை அவன் என்னிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். சில வெள்ளிகளில் அவன் கதையோடு வருகிறான். சில வெள்ளிகளில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். பரவாயில்லை, அடுத்த வியாழன் வரும்.

வீடும் பள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பதை விடுத்து, இரண்டும் சேர்ந்து பிள்ளையைப் பார்க்கத் தொடங்கினால் நன்று. உங்கள் வீட்டில் எந்த மாலை ஒதுக்கலாம் என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.